ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் மட்டும்தானா நாங்க?

மார்ச் கடைசி வாரம் ஆனால் என் செல்போன் அடிக்க ஆரம்பிக்கும். "தோழர், ஏப்ரல் பதினாலு வருதே, தேதிய வேற யாருக்கும் குடுத்துடாதீங்க." நவம்பர் கடைசியில் மறுபடி அடிக்கும். "அண்ணே, டிசம்பர் ஆறு நம்ம ஏரியாவுல வீரவணக்கக் கூட்டம், நீங்கதான் பேசறீங்க." மற்ற மாதங்களில் அந்தப் போன் ஊமை. மூலக்குளத்தில் குடியிருக்கும் இந்த ஆள் மிச்ச 363 நாளும் என்ன நினைக்கிறான், எதைப் படிக்கிறான், அவனுக்கு வேறு ஏதாவது தெரியுமா என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. இருபத்தைந்து வருஷமாக இதுதான் கதை.

குறை சொல்லி அனுதாபம் வாங்க இதை எழுதவில்லை. இதற்குப் பின்னால் ஒரு அரசியல் இருக்கிறது. அந்த அரசியலுக்கு நானும் உடந்தையாக இருந்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அண்ணன் மகன் ஒருத்தன் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். விளம்பரம், விற்பனை சம்பந்தப்பட்ட வேலை. போன பொங்கலுக்கு வந்தவன் என் புத்தக அலமாரியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சித்தப்பா, உங்களுக்குன்னு ஒரு பிராண்ட் இருக்கு. அத நீங்க வளக்கவே இல்ல. ஒரே ஒரு ஐடியாவுல பேரு வாங்கிட்டு அதுலயே ஒக்காந்துட்டீங்க. பெரிய ஆளுங்கல்லாம் அடுத்த ஐடியாவுக்குப் போவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. ராத்திரி படுத்த பிறகு யோசனை வந்தது. பிராண்ட் என்ற அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மாட்டுக்குப் போடும் சூடு என்றும் ஓர் அர்த்தம் உண்டு. இன்னாருடைய மாடு என்று அடையாளம் தெரிவதற்காகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வைக்கும் முத்திரை அது. கம்பெனிக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய முத்திரையைத் தாங்களே காசு கொடுத்துச் செய்துகொள்கிறார்கள். எங்களுக்கு அது பிறப்பதற்கு முன்பே காய்ச்சி வைக்கப்பட்டிருந்தது. படித்து, எழுதி, நாலு பேர் முன்னால் நின்று பேச ஆரம்பித்த பிறகும் அதே சூட்டின் மேல் இன்னொரு சூடு. முதலாவது சாதி. இரண்டாவது, 'தலித் பேச்சாளர்'. முதலாவதை எதிர்த்துச் சண்டை போடத் தெரிந்த நமக்கு இரண்டாவது மட்டும் பொன்னாடை மாதிரித் தெரிகிறதே, ஏன்?

என்னுடைய ஒத்தைப் பேச்சு என்னவென்று சொல்லிவிடுகிறேன். இரட்டைக் குவளை. டீக்கடையில் நமக்குத் தனி டம்ளர், அதை நாமே கழுவி வைக்க வேண்டும், சில ஊர்களில் டம்ளரும் கிடையாது, கொட்டாங்கச்சி. என் ஆயா கையேந்தித் தண்ணீர் குடித்த கதையை அதில் சேர்ப்பேன். நைனா மில்லில் வேலை பார்த்தும், சொந்த ஊருக்குப் போனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததைச் சேர்ப்பேன். கூட்டம் கை தட்டும். பொய் ஒரு வரி கிடையாது. ஆனால் உண்மையையும் நூறு தடவை சொன்னால் அது பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கைதட்டல் விழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

ஒப்புக்கொள்ள வைத்தது ஒரு கிழவி. மூலக்குளத்தில் எங்கள் தெருவிலேயே நடந்த ஏப்ரல் 14 கூட்டம். பேசி முடித்து இறங்கினேன். எதிர் வூட்டுப் பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டது.

"இன்னாப்பா, எத்தினி வருசமா இந்த டம்ளர் கதையவே சொல்லினு இருக்கற? கையேந்திக் குடிச்சவளே நான்தான். எனக்கே சொல்றியே. இப்ப போர்ல வர்ற தண்ணி உப்புக் கரிக்குது, வாயில வக்க முடியல. கேன் தண்ணிக்கு மாசம் எவ்ளோ ஆவுதுன்னு உனக்குத் தெரியுமா? இதப் பத்தி உங்க அம்பேத்கரு ஒண்ணும் சொல்லலியா?"

என்னிடம் பதில் இல்லை. "பாக்கறேன் பெரிம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்பேத்கரைப் பற்றி இருபது வருஷம் மேடையில் பேசியவனுக்கு, தண்ணீரைப் பற்றி அம்பேத்கர் ஏதாவது சொன்னாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. மகாடு குளம் தெரியும். அது யாருக்குத்தான் தெரியாது? அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அன்றைக்குத்தான் அவருடைய தொகுதிகளில் நான் தொடாமல் வைத்திருந்தவற்றை எடுத்தேன்.

1927 மார்ச் 20. மகாராஷ்டிரத்தில் மகாடு என்ற ஊரில் சவதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பின்னால் ஆயிரக்கணக்கான பேர் குடித்தார்கள். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதவர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய்ச் சட்டசபை 1923இலேயே தீர்மானம் போட்டிருந்தது. மகாடு நகராட்சியும் ஒப்புக்கொண்டிருந்தது. காகிதத்தில் திறந்த குளம் நடப்பில் மூடிக் கிடந்தது. அதே வருஷம் டிசம்பர் 25ஆம் தேதி அதே ஊரில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. குளத்தின் மீதான வழக்கு இழுத்துக்கொண்டே போய் 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு வாய் தண்ணீருக்குப் பத்து வருஷ வழக்கு.

இதுவரை எல்லா மேடைகளிலும் வரும். இதற்குப் பிறகு வருவதுதான் மேடைக்கு வருவதில்லை.

1942 முதல் 1946 வரை அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினர். பாசனமும் மின்சாரமும் அந்தத் துறையிலேயே இருந்தன. 1943இல் தாமோதர் நதியில் பெருவெள்ளம். 1945 ஜனவரியில் கல்கத்தாவில் தாமோதர் நதிக்காகக் கூட்டிய மாநாட்டில் பேசினார். நவம்பரில் கட்டாக்கில் ஒரிசாவின் நதிகளுக்காகக் கூட்டிய மாநாட்டில் பேசினார். மகாநதியில் அப்புறம் வந்த ஹிராகுட் அணையின் பேச்சு அந்தக் காலத்தில்தான் உருப்பெற்றது. வெள்ளத்தை எப்படியாவது கடலுக்குத் தள்ளிவிட வேண்டும் என்பதே அதுவரை இருந்த அதிகாரிகளின் புத்தி. வெள்ளத்தைத் தீமையாகப் பார்க்காதே, அது செல்வம், தேக்கி வை, ஒரே அணையில் பாசனமும் மின்சாரமும் படகுப் போக்குவரத்தும் எடு என்பது அவர் வாதம். இன்றைக்கு மத்திய நீர் ஆணையம் என்கிறோமே, அதன் முதல் வடிவம் 1945இல் அவர் துறையின் கீழ்தான் ஏற்பட்டது. தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்கான சட்டம் 1948இல் வந்தது. பெரிய அணைகள் பிற்காலத்தில் எத்தனை ஆதிவாசிகளின் ஊர்களை மூழ்கடித்தன என்பது நமக்குத் தெரியும். அந்தக் கேள்வியை அம்பேத்கரிடமும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பதற்கு முதலில் அவர் அங்கே நின்றார் என்பது தெரிய வேண்டுமே!

ஒரு குளத்தில் கை வைக்கக் கூடாது என்று விரட்டப்பட்ட ஜனத்தின் பிள்ளை, பதினெட்டே வருஷத்தில் துணைக்கண்டத்து நதிகளை என்ன செய்வது என்று மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துப் பேசுகிறான். மகாடு குளத்தை விட்டுவிட்டா மகாநதிக்குப் போனார்? 'தண்ணீர் யாருக்கு?' என்ற கேள்வி குளத்தங்கரையில் கேட்டாலும் அதே கேள்விதான், நதிக்கரையில் கேட்டாலும் அதே கேள்விதான். அவர் கேள்வியை மாற்றவில்லை. கேட்கும் இடத்தைப் பெரிசாக்கினார்.

ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரூபாயின் பிரச்சினை' 1923இல் லண்டனில் வெளிவந்தது. 1925இல் ஹில்டன் யங் கமிஷன் முன் நாணயத்தைப் பற்றிச் சாட்சியம் சொன்னார். ரிசர்வ் வங்கியே அவர் புத்தகத்திலிருந்து குதித்து வந்தது என்று நம்ம ஆட்கள் சிலர் பேசுகிறார்கள். அந்த மிகை நமக்குத் தேவையில்லை. ரூபாயின் மதிப்பை ஆட்டிவைக்கும் அதிகாரம் அரசாங்கத்தின் கையில் கட்டற்றுக் கிடந்தால் விலைவாசி ஏறி, கூலி வாங்குகிறவன் வயிற்றில்தான் அடி விழும் என்று அவர் கண்டாரே, அது போதாதா? நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1918இல் சிறு நிலத்துண்டுகளைப் பற்றி எழுதும்போது, துண்டுகளை ஒட்டவைப்பதால் மட்டும் விவசாயம் பிழைக்காது, மிதமிஞ்சி நிலத்தில் தொங்கும் ஆட்களுக்குத் தொழில் வேண்டும் என்றார். வேலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48 ஆகக் குறைந்தது 1946ஆம் வருஷத் திருத்தச் சட்டத்தால். அதற்கான மசோதாவைச் சபைக்குக் கொண்டுவந்த துறை அவருடையது.

இந்த இடத்தில் புதுச்சேரிக்காரனாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1936 ஜூலை 30ஆம் தேதி இங்கே மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் இங்கே எட்டு மணி நேர வேலை வந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தியாகிகளுக்குக் கூட்டம் நடக்கிறது. அப்படி ஒரு கூட்டத்தில், மில் தொழிலாளியின் மகன் என்ற முறையில், வேலை நேரத்தைப் பற்றி அம்பேத்கர் செய்ததையும் சேர்த்துப் பத்து நிமிஷம் பேசட்டுமா என்று கேட்டேன். "தோழர், அத ஏப்ரல்ல வச்சிக்கலாமே" என்றார் ஒருவர். அவர் கெட்டவர் இல்லை. அவர் தலையில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. அதில் தொழிலாளிக்கு ஒரு தாள், தலித்துக்கு ஒரு தாள். என் நைனா இரண்டு தாளிலும் இருந்தார் என்பது அந்த நாட்காட்டிக்குத் தெரியாது.

பெரியம்மாவின் கேள்விக்கு வருகிறேன். நான் தண்ணீரைப் படிக்க ஆரம்பித்தேன். ஊர்ப் பெயரிலேயே குளத்தை வைத்துக்கொண்டு கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோமே, இது எப்படி ஆனது? 1860களில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். அதன் நினைவாகத்தான் பாரதி பூங்காவின் நடுவில் ஆயி மண்டபம் நிற்கிறது. ஆயி என்ற தாசி தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டினாள் என்ற கதையை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தண்ணீர் எந்தெந்தத் தெருவுக்குப் போனது, எந்தெந்தச் சேரியின் வாசலில் போகாமல் நின்றது என்று அந்த மண்டபத்தின் முன் நின்று யாராவது கேட்டதுண்டா? புதுச்சேரியின் பெரிய ஏரி ஊசுடு. அதன் பறவைகளுக்காகக் கவலைப்பட ஆள் இருக்கிறது. நல்லது, இருக்கட்டும். அதன் பாசனத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு எங்கே தண்ணீர் பிடிக்கிறார்கள்? கடலோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்பு உள்ளே வருகிறது. உப்பு முதலில் யார் போரில் ஏறுகிறது? ஆழமாகப் போர் போடக் காசிருக்கிறவன் வீட்டிலா, காசில்லாதவன் வீட்டிலா?

இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுதினேன். தண்ணீரைப் பற்றி ஒரு கருத்தரங்கம் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டு அனுப்பினேன். ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். "சார், ஆர்ட்டிகிள் நல்லா இருக்கு. ஆனா வாட்டர்ல டெக்னிக்கல் ஆளுங்க நெறைய பேர் வர்றாங்க. உங்களுக்குன்னு தனியா ஒரு அமர்வு வச்சிருக்கோம், 'விளிம்புநிலை அனுபவங்கள்'னு. அதுல வந்து நீங்க உங்க அனுபவத்தச் சொல்லணும். அந்த டம்ளர் விஷயம் சொல்லுவீங்களே, அது."

அந்த டம்ளர் விஷயம்!

அனுபவம் நம்முடையது, சிந்தனை அவர்களுடையது. நாம் அழுதால் அது சாட்சியம். அவர்கள் அதைப் பற்றி எழுதினால் அது ஆய்வு. இந்த வேலைப் பிரிவினையைப் பற்றிக் கோபால் குரு 2002லேயே ஆங்கிலத்தில் எழுதினார். சமூக அறிவியலில் கோட்பாடு செய்கிறவர்கள் ஒரு பக்கம், அவர்களுக்கு விவரம் பொறுக்கித் தருகிறவர்கள் ஒரு பக்கம், இந்தப் பிரிவு சாதியின் வடிவத்திலேயே இருக்கிறது என்றார். வயலில் வேலை செய்கிறவன் சேரியில், விளைச்சலுக்குக் கணக்கு எழுதுகிறவன் ஊரில் என்று இருந்ததே, அதே ஏற்பாடுதான் கருத்தரங்க அரங்கத்துக்குள்ளும். இரட்டைக் குவளை டீக்கடையில் மட்டும் இல்லை. நிகழ்ச்சி நிரலிலும் இருக்கிறது.

இந்த ஒற்றை முத்திரையால் யாருக்கு லாபம்? அரசாங்கத்துக்கு லாபம். அம்பேத்கரை 'அரசியல் சட்டத்தின் தந்தை' என்று மட்டும் சொல்லிவிட்டால் சிலைக்கு மாலை போட்டுவிட்டு மந்திரி வீட்டுக்குப் போய்விடலாம். உற்பத்தியும் நிலமும் அரசுடைமையாக வேண்டும் என்று அவர் 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் எழுதியதைப் படிக்க வேண்டியதில்லை. இந்துச் சட்ட மசோதாவைக் கிடப்பில் போட்டதற்காக 1951இல் மந்திரி பதவியைத் தூக்கி எறிந்ததைப் பேச வேண்டியதில்லை. அந்தச் சட்டத்தை எரிப்பதற்கு முதல் ஆளாக நானே நிற்பேன் என்று 1953இல் மாநிலங்களவையிலேயே சீறினாரே, அதை நினைக்கவே வேண்டியதில்லை. தன்னுடைய முத்திரை என்று நாடே சொன்ன ஒன்றுக்கு அவரே அடங்கி இருக்கவில்லை. நாம்தான் அவரை அதற்குள் அடக்கிவைக்கிறோம். முற்போக்குக்காரர்களுக்கும் லாபம். மேடையில் ஒரு தலித் உட்கார்ந்தாயிற்று, கணக்கு நேராகிவிட்டது. மற்ற அமர்வுகளில் அவர்கள் பாட்டுக்குப் பேசலாம்.

கடைசியாக, நமக்கும் சில்லறை லாபம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஒத்தைப் பேச்சு சுலபம். புதிதாகப் படிக்க வேண்டாம். தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம். போக்குவரத்துச் செலவுக்குக் கவர் கிடைக்கும். ஒரு தெருவில் நீலக் கோட்டுச் சிலை, அடுத்த தெருவிலும் நீலக் கோட்டுச் சிலை, கையில் அதே புத்தகம், அதே நீட்டிய விரல். அந்தச் சிலைகளை உடைக்க வருகிறவன் இருக்கும்வரை சிலையும் வேண்டும், கூண்டு போட்டாவது காப்போம். ஆனால் அந்த விரல் எந்தெந்தத் திசைகளைக் காட்டியது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தராமல் சிலைக்கு மட்டும் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தால் கூண்டுக்குள் இருப்பது அவர் மட்டும் இல்லை.

அவர் நடத்திய பத்திரிகைகளின் பெயர்களைப் பாருங்கள். 1920இல் 'மூக்நாயக்', ஊமைகளின் தலைவன். 1927இல் 'பகிஷ்கிருத பாரத்', விலக்கப்பட்ட பாரதம். 1930இல் 'ஜனதா', மக்கள். 1956இல் 'பிரபுத்த பாரத்', விழிப்புற்ற பாரதம். வாயில்லாதவர்களுக்காகப் பேசத் தொடங்கியவர் ஒரு நாடு முழுவதும் விழிக்க வேண்டும் என்ற இடத்தில் வந்து நிற்கிறார். எந்தக் கம்பெனிக்காரனும் சொல்லித் தரவில்லை.

நம் மண்ணுக்கு வருவோம். அயோத்திதாசர் 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். சித்த வைத்தியர். அந்தப் பத்திரிகையில் வைத்தியம் உண்டு, விவசாயம் உண்டு, இலக்கியம் உண்டு, சுதேசிக்காரர்களின் வேஷத்தைக் கிழிக்கும் அரசியல் உண்டு, பௌத்தம் உண்டு. 1914இல் அவர் மறைந்தார். பிறகு வெகுகாலம் தமிழறிவுலகம் அவரை மறந்தே போயிற்று. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து பாளையங்கோட்டையிலிருந்து அவர் எழுத்துகள் வந்த பிறகுதான் பலரும் பேர் சொல்ல ஆரம்பித்தார்கள். பேர் சொன்ன உடனே முத்திரையும் வந்துவிட்டது: 'தமிழ்ப் பௌத்தர்'. முதலில் மறந்தார்கள், நினைத்தபோது ஒற்றைச் சொல்லில் அடைத்தார்கள். பஞ்சத்தைப் பற்றியும் பயிரைப் பற்றியும் அவர் எழுதியதை வேளாண்மை படிக்கும் மாணவனுக்கு யார் கொடுத்தார்கள்?

இன்னும் கிட்டத்தில், நம் புதுச்சேரிக்கே வருவோம். ராஜ் கௌதமன் விருதுநகர்ப் பக்கம் புதுப்பட்டியில் 1950இல் பிறந்தவர். இங்கே காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். 2024 நவம்பரில் மறைந்தார். 1993இல் வந்த 'தலித் பண்பாடு' நம்மைப் போன்ற எத்தனையோ பேரைத் தட்டி எழுப்பியது. அவர் அதோடு நின்றிருந்தால் ஆயுளுக்கும் அந்தப் பேரில் மேடை கிடைத்திருக்கும். நிற்கவில்லை. அ. மாதவையாவைப் பற்றி எழுதினார். வள்ளலாரைப் பற்றி எழுதினார். 'சிலுவைராஜ் சரித்திரம்' என்று தன்னையே கேலி செய்துகொண்டு நாவல் எழுதினார். சங்கப் பாட்டுக்கும் தொல்காப்பியத்துக்கும் போய், 'பாட்டும் தொகையும் தொல்காப்பியமும் தமிழ்ச் சமூக உருவாக்கமும்' என்று 2006இல் ஒரு தடித்த புத்தகம் போட்டார். தமிழின் பொற்காலம் என்று எல்லோரும் கும்பிடும் இடத்தில் போய் நின்று, இங்கே உழைத்தவன் யார், உண்டவன் யார், கற்பு யாருக்கு, களவு யாருக்கு என்று கேட்டார். அது 'தலித் பண்பாடு' கேட்ட கேள்வியேதான். ஆனால் தமிழாசிரியர்களின் கருவறைக்குள் வைத்துக் கேட்ட கேள்வி. அதனால்தான் அந்தப் புத்தகத்தை எதிர்த்து வாதாடுவதைவிட, "அவர் தலித் விமர்சகர்" என்று சொல்லி நகர்ந்துபோவது பலருக்குச் சௌகரியமாக இருக்கிறது. பாமாவிடம் 'கருக்கு' பற்றி மட்டும் கேட்பார்கள். 1992க்குப் பிறகு அவர் எழுதியதே இல்லையா?

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு குரல் வரும். "அப்ப தலித் என்ற பேரையே தூக்கிப் போட்டுடு. எழுத்தாளன்னா எழுத்தாளன்தான்." அப்படிச் சொல்கிற நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் புதுச்சேரியில் பிறந்தவனுக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வரும். 1881 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரன் ஒரு சட்டம் போட்டான். உன் சாதி வழக்கத்தையும் பழைய தனிச்சட்டத்தையும் துறப்பதாக ஒரு கையெழுத்துப் போட்டால் நீ பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வருவாய், உனக்கு ஒரு குடும்பப் பேர் கிடைக்கும். நம் முன்னோர்கள் பலர் போட்டார்கள். புதுப் பேரோடு சிப்பாயாகவும் குமாஸ்தாவாகவும் சைகோன்வரை போனார்கள், பென்ஷன் வாங்கினார்கள். அது ஒரு தப்பிக்கும் வழி, அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனாலும் ஒரு கையெழுத்தில் சாதி ஒழிந்துவிடவில்லை. பேர் மாறியது, தெரு மாறவில்லை. கல்யாணத்துக்குப் பெண் கேட்கும்போது பிரெஞ்சுப் பேருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தே இருந்தது. பேரைத் தூக்கி எறிந்தால் நம்மை அடைத்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போவதுதான் மிச்சம்.

அண்ணன் மகன் சொன்னதற்கும் நான் சொல்வதற்கும் வித்தியாசம் இங்கேதான். அவன் கணக்கில், ஒரு சரக்கு விற்றுத் தீர்ந்தால் அடுத்த சரக்குக்குப் போக வேண்டும். பேர் ஒருவருடையது, லாபமும் அவருடையது. நமக்குச் சாதி ஒழிப்பு விற்றுத் தீருகிற சரக்கு இல்லை. அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போக முடியாது. அதைத் தூக்கிக்கொண்டுதான் எங்கேயும் போக வேண்டும். தண்ணீருக்கும், வட்டிக்கும், நகரத் திட்டத்துக்கும், மருத்துவமனைக்கும், சங்கப் பாட்டுக்கும், கம்ப்யூட்டருக்கும். அங்கே போய் அந்தத் துறையின் மொழியில், அந்தத் துறையின் கணக்கோடு கேட்க வேண்டும்.

கணக்கோடு என்று சொன்னதைக் கவனியுங்கள். டிவியில் இன்றைக்கு ஒருத்தரே காலையில் பட்ஜெட், மத்தியானம் கிரிக்கெட், ராத்திரி போர் பற்றிப் பேசுகிறார். அந்த வித்தை நமக்கு வேண்டாம். அம்பேத்கர் ரூபாயைப் பற்றிப் பேசியது லண்டனில் அரைப் பட்டினியாகக் கிடந்து படித்த பிறகு. ராஜ் கௌதமன் சங்கப் பாட்டை வருஷக்கணக்கில் உழுத பிறகு. நாம் ஒரு தப்பு செய்தால் அது நம்மோடு போகாது. "பாத்தியா, இவனுங்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று நம் தெரு முழுவதன் மேலும் விழும். அநியாயம்தான். ஆனால் இருக்கிற நிலைமை அது. அதனால் இரண்டு மடங்கு படித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஆய்வு செய்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் நெறியாளர் "உங்களுக்குத் தலித் இலக்கியம்தான் சரியா வரும்" என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். விரும்பி எடுத்தால் எடுங்கள், ஒதுக்கித் தந்தால் எடுக்காதீர்கள். பத்திரிகை நடத்தும் தோழர்களுக்கு ஒன்று. நம் பத்திரிகைகளிலேயே சாட்சியத்துக்கு இருக்கும் பக்கங்களில் பாதியாவது பொருளாதாரத்துக்கும் அறிவியலுக்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். நம் வலியைச் சொல்வதற்கு நமக்குக் கூச்சம் இல்லை, கூடாது. ஆனால் வலியை மட்டும் கேட்டு வாங்கும் ஆசிரியர், நம்மவராக இருந்தாலும், அதே இரும்பைத்தான் காய்ச்சுகிறார். கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒன்று. ஏப்ரல் 14க்கு ஒரு பொறியாளரை, ஒரு நர்ஸை, ஒரு துப்புரவுத் தொழிலாளியை அழைத்து அவரவர் வேலையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். துப்புரவுத் தொழிலாளிக்கு இந்த நகரத்தின் பாதாளச் சாக்கடை எங்கே அடைக்கும், ஏன் அடைக்கும் என்று என்ஜினீயருக்கு முன்னாலேயே தெரியும். அவரிடம் கண்ணீரை மட்டும் கேட்காதீர்கள். அவருடைய அறிவைக் கேளுங்கள்.

எனக்கும் ஒன்று சொல்லிக்கொண்டேன். இந்த மார்ச்சில் போன் அடித்தது. "தோழர், ஏப்ரல் பதினாலு."

"வரேன் தோழர். ஆனா இந்த வாட்டி தண்ணியப் பத்திப் பேசறேன். மகாடுல ஆரம்பிச்சி மகாநதி போயி நம்ம ஊரு போர் தண்ணிக்கு வர்றேன். கொஞ்சம் கணக்கெல்லாம் இருக்கும். ஒரு கரும்பலகை வேணும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "கமிட்டியில கேட்டுட்டுச் சொல்றேன் அண்ணே" என்றார். இதை எழுதும்வரை மறுபடி போன் வரவில்லை.

வந்தால் போவேன். வராவிட்டால் எங்கள் தெருவிலேயே, எதிர் வூட்டுத் திண்ணையில் கரும்பலகையைச் சாய்த்து வைத்துப் பேசப்போகிறேன். பெரியம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. "டம்ளர் கத இல்லியே?" என்று கேட்டது. இல்லை என்றேன். "அப்ப வர்றேன்" என்றது.